காற்றில் வந்த ஆட்டமும் கம்பியில் போன ஆட்டமும்

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிலும் எமது பெறாமகன் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் அழைப்பார். சுகம் விசாரித்து முடியுமுன்பே, "சித்தப்பா, நேற்றைய மட்ச் பார்த்தனீங்களோ?" என்று கேட்பார். பார்க்கவில்லை என்பதே ஒவ்வொரு முறையும் எமது பதில். எமது வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. ஊருக்கு அனுப்பவேண்டிய காசையும் மாத முடிவில் வந்து சேரும் பில்லுகளையும் ஒரு தாளில் எழுதி, இவற்றுள் எதை வெட்டலாம் என்று பார்த்த நாளில் முதலில் வெட்டுப்பட்டது அதுதான். இப்பத்திரிகையை வாசிக்கும் வீடுகளில் இது புதுமையான கதையல்ல.

"கேபிள் எதற்கு? ஒரு அன்ரனாவைப் பூட்டிப் பாருங்கோ. பாதி ஆட்டம் சும்மா வரும்" என்றார் அவர். அன்ரனா என்பது மறைந்துபோன காலத்துப் பொருள் என்றே நாம் எண்ணியிருந்தோம். காற்றிலே இலவசமாக வருகிற ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கும் பழக்கம் எப்போது, யாரால் ஏற்பட்டது? ஆசிரியத் தொழிலை விட்டுப் பல காலமாயினும் ஆசிரியப் புத்தி எம்மை விட்டபாடில்லை. நூல்நிலையத்துக்குச் சென்று தேடினோம். கிடைத்தது ஒரு விளையாட்டின் வரலாறு மட்டுமல்ல. ஒரு காட்சியின் சாவி யார் கையில் இருப்பது என்பது பற்றி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்த இழுபறியின் வரலாறுமாகும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. எமது ஊரில் நாம் உதைபந்தாட்டம் என்று அறிந்தது இதுவன்று. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர், 100 யார் நீள மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யாராவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். 1869 நவம்பர் 6 ஆம் திகதி நியூஜேர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளும் ஆடிய ஆட்டமே முதலாவது என்பர். அன்று பக்கத்துக்கு 25 பேர். பந்தும் உருண்டைப் பந்து. இன்றைய வடிவத்துக்கு வழிதிறந்ததில் கனடாவுக்கும் பங்குண்டு என்பது இங்கு வாழும் எமக்குச் சுவையான செய்தி. 1874 மே மாதத்தில் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹாவாட்டுக்குச் சென்று, பந்தைக் கையிலெடுத்து ஓடும் றக்பி முறையில் ஆடிக் காட்டினர். ஹாவாட் அதில் மயங்கியது. ஏனைய கல்லூரிகள் ஹாவாட்டைப் பின்பற்றின.

மைதானத்துக்கு வராதவர்களிடம் ஆட்டத்தை முதலில் கொண்டுசென்றது வானொலி. 1921 ஒக்ரோபர் 8 ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம், பிற்ஸ்பேர்க் அணியும் மேற்கு வேர்ஜீனியா அணியும் ஆடியதை நேரடியாக வர்ணித்தது. வீட்டிலிருந்தே கேட்க முடியுமானால் ரிக்கற் வாங்கி யார் வருவார் என்ற அச்சம் அப்போதே கல்லூரிகளிடையே தோன்றிவிட்டது. 1930 களில் சில கல்லூரிகள் வானொலிக்குக் கதவடைத்தும் பார்த்தன. அந்த அச்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்த யாவற்றுக்கும் வேர் அதுவே.

தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட கல்லூரி ஆட்டம் 1939 செப்ரெம்பர் 30 ஆம் திகதி நியூயோர்க்கின் றண்டல்ஸ் தீவு மைதானத்தில் நடந்தது. போர்டம் பல்கலைக்கழகம் வேய்ன்ஸ்பேர்க் என்ற சிறு கல்லூரியை 34-7 என்று தோற்கடித்தது. நியூயோர்க்கில் அன்று தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. வேய்ன்ஸ்பேர்க் கல்லூரியோ பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில் உள்ளது. அலைகள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆகவே தோற்ற அணியின் ஊரவர் எவரும் அந்தத் தோல்வியைக் கண்ணால் காணவில்லை. அதுவும் ஒரு நல்லகாலம்தான்.

அடுத்த ஆண்டே, அதாவது 1940 இல், பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் தனது சொந்த மைதான ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. பில்கோ என்னும் வானொலிப் பெட்டிக் கம்பனியின் பரிசோதனை நிலையம் அவற்றை ஒளிபரப்பியது. போருக்குப் பின் பெட்டிகள் பெருகின. அந்நகரத்துத் தொழிலாளி வீட்டிலிருந்தோ கடைவாசலில் நின்றோ சனிக்கிழமை ஆட்டத்தைச் செலவில்லாமல் பார்த்தான். இது ஏறத்தாழ பத்தாண்டு நடந்தது.

மறுபுறத்தில் அரங்குகளுக்கு வருவோர் தொகை குறைந்தது. குற்றவாளி தொலைக்காட்சியே என்று கல்லூரிகள் முடிவுகட்டின. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய சங்கமான என்.சி.ஏ.ஏ. 1951 சனவரியில் டலஸ் நகரில் கூடியது. நேரடி ஒளிபரப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 161 வாக்குகளும் எதிராக 7 வாக்குகளும் கிடைத்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அடங்கவில்லை. எமது ஆட்டம், எமது மைதானம், காட்டுவோம் என்றது. சங்கம் அதனை நன்னிலையிலுள்ள உறுப்பினர் அல்ல என அறிவித்தது. அந்தப் பருவத்தில் அதனுடன் ஆடவிருந்த கல்லூரிகள் ஆடமாட்டோம் என்றன. ஆடுவதற்கு எதிரணி இல்லாவிடின் எதைக் காட்டுவது? பல்கலைக்கழகம் பணிந்தது. ஊர்க் கட்டுப்பாடு போட்டு ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பதை நாம் ஊரில் கண்டிருக்கிறோம். கற்றோர் சபைகளிலும் அதே வழிமுறைதான் போலும்.

அதன் பின் மூன்று தசாப்தங்கள் சாவி சங்கத்தின் கையில் இருந்தது. சனிக்கிழமைகளில் எந்த ஆட்டத்தை நாடு பார்க்கலாம், ஓர் அணி எத்தனை முறை தோன்றலாம் என்பதையெல்லாம் சங்கமே வகுத்தது. 1952 இல் என்.பி.சி. நிறுவனம் அந்தப் பருவத்துக்காகப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து உரிமையைப் பெற்றது. பார்வையாளர் ஒரு சதமும் கொடுக்கவில்லை, விளம்பரதாரர் கொடுத்தனர். ஆனால் காட்டப்பட்டதை மட்டுமே பார்க்கலாம். இலவசம், ஆயினும் அளந்து போடப்பட்ட சாப்பாடு. 1961 இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் இன்னொரு வேலியையும் போட்டது. பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் நடைபெறும் பருவத்தில் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தொழில்முறை அணிகளின் ஒளிபரப்பு அவற்றுக்குப் போட்டியாக வருவதை அச்சட்டம் தடுத்தது. சனிக்கிழமை கல்லூரிக்கு, ஞாயிறு தொழில்முறை அணிகளுக்கு என்ற வழக்கம் இன்றும் நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளந்து போடுவது எவ்வளவு அபத்தமாகலாம் என்பதற்கு 1966 நவம்பர் 19 ஆம் திகதி நடந்ததைச் சொல்லவேண்டும். நாட்டின் முதலாம் இடத்தில் நொற்றடேம், இரண்டாம் இடத்தில் மிச்சிகன் ஸ்ரேற். இரண்டும் தோல்வியறியாதவை. நூற்றாண்டின் ஆட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் நொற்றடேம் நாடு முழுவதும் காட்டப்படுவதற்கான தனது முறையைப் பருவத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டது. விதிப்படி இந்த ஆட்டத்தைச் சில பிராந்தியங்களுக்கு மட்டுமே காட்டலாம். ஒளிபரப்பிய ஏ.பி.சி. நிறுவனத்துக்குக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இறுதியில் ஓர் ஒப்பேற்றல் செய்தார்கள்: நாட்டின் பெரும்பகுதிக்கு நேரடியாகவும், சில பகுதிகளுக்குப் பதிவுசெய்து பின்னரும் காட்டினார்கள். ஆட்டம் முடிந்த பின்னர் அதே ஆட்டத்தைக் காட்டினால் அது நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு ஆகாதாம்! விதியை எழுதியவர்களே விதிக்குள் புகுந்து வெளியேறும் இந்தச் சாமர்த்தியத்தை அகதி விண்ணப்பப் படிவம் நிரப்பிய எவரும் விளங்கிக்கொள்வர். எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அரங்கில் அமர்ந்திருக்க, ஆட்டம் 10-10 என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கடைசி நேரத்தில் வெற்றிக்கு முயலாமல் சமநிலையைக் காத்துக்கொண்டதற்காக நொற்றடேம் பயிற்றுநர் பல்லாண்டு ஏச்சு வாங்கினார்.

பெரிய அணிகளுக்கு இந்த ஒழுங்கு கசந்தது. 1981 இல் நடந்த ஒன்றைப் பின்னர் நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. ஒரே வாரத்தில் ஒக்லஹோமாவும் தென் கலிபோர்னியாவும் ஆடியதை இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் காட்டின. சிற்றடெல் என்ற சிறு கல்லூரியும் அப்பலாச்சியன் ஸ்ரேற்றும் ஆடியதைக் காட்டியவை நான்கே நிலையங்கள். நான்கு கல்லூரிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றுதான். பெரியவர்களுக்கு இது அநீதியாகப் பட்டது. சிறியவர்களுக்கோ இதுவே நீதி. ஒக்லஹோமா, ஜோர்ஜியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் தரப்பிலிருந்து அதே ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டது. 1984 யூன் 27 ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சங்கத்தின் ஏகபோகத்தை உடைத்தது. நீதியரசர் ஸ்ரீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் எளியது: காட்சியின் அளவைக் குறைத்து விலையை உயர்த்துவது போட்டிச் சட்டத்துக்கு முரண்; பார்வையாளரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதியரசர் பைரன் வைற். இவர் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 1930 களில் ஆடி நாடறிந்த வீரர். தொழில்முறை ஆட்டத்திலும் பெயர் பெற்றவர். அந்த ஆசனத்தில் இருந்தவர்களுள் புல்லில் விழுந்து எழுந்த அனுபவம் இவருக்கு உண்டு. இது வெறும் வியாபாரமன்று, கல்வியோடு கூடிய ஒன்று; கட்டுப்பாட்டை முழுதாக எடுத்துவிட்டால் பணமே எல்லாவற்றையும் நடத்தும் என்பது அவர் கொண்ட கவலை. சட்டத்தில் பெரும்பான்மையினர் சொன்னது சரியாக இருக்கலாம். பின்னர் நடந்ததைப் பார்க்கும்போது மனிதரைப் புரிந்தவர் வைற் என்றே எமக்குத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். பூட்டு உடைந்ததும் ஆட்டங்கள் வெள்ளமாய் வந்தன. சரக்கு மிகுந்ததால் தொடக்கத்தில் விலையும் விழுந்தது. பார்வையாளருக்கு அது பொற்காலம். ஆனால் 1979 செப்ரெம்பரில் தொடங்கிய ஈ.எஸ்.பி.என். என்ற கேபிள் நிறுவனம் அருகிலேயே காத்திருந்தது. அதுவரை பழைய ஆட்டங்களைப் பதிவிலிருந்து காட்டிவந்த அந்நிறுவனம் 1984 இல் நேரடியாகக் காட்டத் தொடங்கியது. அன்ரனா நிலையத்துக்கு வருமானம் பெரும்பாலும் விளம்பரத்தில்தான். கேபிள் நிறுவனத்துக்கோ இரண்டு வாய்: விளம்பரம் ஒன்று, வீட்டுக்கு வீடு அறவிடும் மாதக் கட்டணம் மற்றொன்று. சமையல் நிகழ்ச்சிக்காகக் கேபிள் எடுத்த மூதாட்டியும் தான் ஒருபோதும் பாராத ஆட்டத்துக்குப் பணம் செலுத்தினாள். இரண்டு வாயால் உண்பவனோடு ஒரு வாயால் உண்பவன் ஏலத்தில் எவ்வளவு நேரம் நிற்பான்?

நொற்றடேம் 1991 இலிருந்து தனது மைதான ஆட்டங்களை என்.பி.சி.க்குத் தனியாக விற்றது. ஏனையவை பிராந்தியக் கூட்டணிகளாகச் சேர்ந்து பேரம் பேசின. 2011 சனவரியில் ஓபேர்ண் அணி ஒறிகன் அணியை 22-19 என்று வென்ற தேசிய இறுதி ஆட்டம் ஈ.எஸ்.பி.என்.இல் மட்டுமே வந்தது. இறுதி ஆட்டம் அன்ரனாவுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது அன்றுதான். 1951 இல் மறைத்தவர்கள் அரங்கின் ரிக்கற்றைக் காப்பதற்காக மறைத்தார்கள். 2011 இல் மறைத்தவர்கள் மாதக் கட்டணத்தை வாங்குவதற்காக மறைத்தார்கள். கூலிக்காரனின் வரவேற்பறையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டு.

ஆடிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயமே. நெடுங்காலம் புலமைப்பரிசிலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிர்வகித்து அந்தக் கட்டுக்கோப்பை எழுப்பிய வோல்ற்றர் பையர்ஸ், 1995 இல் வெளியிட்ட நூலில் தாம் எழுப்பியதையே கடுமையாகச் சாடினார். 2021 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் இணக்கத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் ஒவ்வொன்றும் 20.5 மில்லியன் டொலர் வரை தம் வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்க வழி பிறந்தது. தாமதமாக வந்த நீதி, ஆனாலும் வந்தது.

இவ்வளவுக்கும் இடையே பெறாமகன் சொன்னது எப்படி உண்மையாகிறது? அமெரிக்காவில் 2009 யூன் 12 ஆம் திகதி பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டு எண்முறை ஒளிபரப்பு வந்தது. கனடாவின் பெருநகரங்களில் அது 2011 ஓகஸ்ட் 31 இல் நிகழ்ந்தது. பழைய முறையில் அலை குறைந்தால் படத்தில் மழை பெய்யும், உருவம் இரட்டிக்கும். புதிய முறையில் வந்தால் முழுத் தெளிவாக வரும். வராவிட்டால் ஒன்றும் வராது. கேபிளில் வருவதற்குக் குறையாத தெளிவு. இதையறியாமல் பெட்டியோடு வந்த பழைய அன்ரனாவைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். அவர்களில் நாமும் ஒருவர்.

அன்ரனா நிலையங்களும் ஏலத்திலிருந்து முழுதாக விலகவில்லை. கேபிளை வெட்டுவோர் தொகை ஏறவே, பெரும் கூட்டம் வேண்டுமானால் எல்லோர் வீட்டுக்கும் போகும் அலைவரிசைதான் வேண்டும் என்பதைக் கூட்டணிகள் மீண்டும் உணர்ந்தன. வடமத்திய மாநிலங்களின் பிக் ரென் கூட்டணி 2023 பருவம் முதல் பொக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றுக்கும் தன் ஆட்டங்களைப் பிரித்துக் கொடுத்தது: பொக்ஸில் நண்பகல், சி.பி.எஸ்.இல் பிற்பகல், என்.பி.சி.யில் இரவு. தெற்கத்திய அணிகளின் எஸ்.ஈ.சி. கூட்டணி 2024 முதல் ஏ.பி.சி.க்கும் அதன் சகோதர நிறுவனமான ஈ.எஸ்.பி.என்.க்கும் போனது. 2025 ஒக்ரோபர் இறுதியில் ஏ.பி.சி.யின் உரிமையாளரான டிஸ்னி நிறுவனத்துக்கும் யூரியூப் ரி.வி. சேவைக்கும் கட்டணத் தகராறு மூண்டு, இரண்டு வாரம்வரை அந்த அலைவரிசைகள் சந்தாதாரருக்குக் கிடைக்கவில்லை. மாதந்தோறும் பணம் கட்டியவன் வெறுந்திரையைப் பார்த்திருக்க, அன்ரனா பூட்டியவன் ஏ.பி.சி.யில் ஆட்டம் பார்த்தான்.

எல்லாம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈ.எஸ்.பி.என். வராது. கூட்டணிகளின் சொந்தக் கேபிள் அலைவரிசைகள் வரா. 2021 செப்ரெம்பரில் நொற்றடேம் தன் மைதானத்தில் ரொலீடோவுடன் ஆடியதை என்.பி.சி. தனது இணையச் சந்தாச் சேவையில் மட்டுமே காட்டியது போன்ற சில்லறைக் களவுகளும் உண்டு.

ஸ்காபுரோவில் வாழ்பவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கே, ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்கு அப்பால் பஃபலோ நகரம். இடையில் பெரிய மலையில்லை, ஏரித் தண்ணீர் உண்டு. அந்நகர நிலையங்களின் அலைகள் ஏரியைத் தாண்டி வருகின்றன. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., பொக்ஸ் நான்கும் அங்கிருக்கின்றன. உயர்ந்த மாடி, தெற்குப் பார்த்த பல்கனி என்றால் மிக நன்று, கீழ்மாடியாயின் ஐயமே. கட்டட நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுப் பூட்டுவது வீண் வம்பைத் தவிர்க்கும். பூட்டியபின் பெட்டியில் அலைவரிசை தேடும்படி ஒருமுறை விடவேண்டும். அன்ரனாவைச் சிறிது திருப்பினால் மறுபடியும் தேடவிட வேண்டும். நாம் வாங்கியதன் விலை இரண்டு மாதக் கேபிள் கட்டணத்துக்கு மேற்படவில்லை.

பல்கனியில் நின்று அதைத் தெற்கு நோக்கித் திருப்பியபோது பழைய நினைவொன்று வந்தது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் நீளக் குழாய்களை நட்டு, உச்சியில் அன்ரனாவைக் கட்டி, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இந்தியத் தொலைக்காட்சியைப் பிடித்தோம். ஒருவர் குழாயைத் திருப்ப, ஒருவர் யன்னலில் நின்று "வருது, வருது, போட்டுது" என்று கத்துவார். கடலுக்கு அப்பாலிருந்து வந்ததற்கு அன்றும் எவரும் பில் அனுப்பவில்லை.

2024 நவம்பர் 30 ஆம் திகதி, சனிக்கிழமை நண்பகல். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்ரேற்றும் மிச்சிகனும் மோதுவதைப் பொக்ஸ் காட்டியது. மிச்சிகன் வெல்லும் என எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆட்டம் 10-10 என்று நின்றது. கடைசி நிமிடங்களில் காற்று அடித்ததோ என்னவோ, படம் சதுரஞ் சதுரமாக உடையத் தொடங்கியது. எமது துணைவியார் குளிரங்கியை மாட்டிக்கொண்டு பல்கனிக்குப் போய் அன்ரனாவைப் பிடித்தார். "வருதோ?" என்று கேட்டார். வந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் மிச்சிகன் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே போனது, 13-10. இம்முறை ஞாயிற்றுக்கிழமை வரும்வரை நாம் காத்திருக்கவில்லை. தொலைபேசியை எடுத்து நாமே அழைத்தோம். அங்கே இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, பார்த்தனான்" என்று இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.